கொடியில் தொங்கிய முன்னோட்டம்

மழை ஓய்ந்தும் ஓயாததுமான ஆவணிக் கடைசியில், என் மகள் எங்கள் வீட்டு முன்னறையில் துணிக்கொடி ஒன்று கட்டினாள். ஒரு முனை சன்னல் கம்பியில். மறுமுனை என் நூல்நிலைப்பேழையின் கொக்கியில். அக்கொடியில் துணி எதுவும் காயவில்லை. பழைய நாட்காட்டித் தாள்களை நான்காக வெட்டி, அவற்றின் வெற்றுப் பக்கத்தில் கரிக்கோலால் படம் வரைந்து, தன் தாயின் துணிக்கவ்விகளால் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். முன்னறையைக் கடந்து அடுக்களைக்குச் செல்பவர் எவராயினும் தலை தாழ்த்தியே செல்ல வேண்டும். என் வீட்டில் நான் குனிந்து நடந்தது அந்த இரண்டு திங்கள் மட்டுமே.

இரண்டாயிரமாவது ஆண்டு கடந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாங்கள் புனேயில், கட்கியில் குடியிருந்தோம். அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பகலெல்லாம் ஆங்கிலமும் இந்தியும் எழுதிய கை, வீடு திரும்பியபின் தமிழன்றிப் பிறிதொன்றை எழுதுவதில்லை என்பதை ஒரு நோன்பாகவே கொண்டிருந்தேன். என் மகளோ ஆற்றுக்கு அப்பால் ஒரு கல்லூரியில் திரைக்கலை இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் துறையில் ஒரு முறை இருந்தது. மாணவர் முழுப்படம் எடுப்பதற்கு முன்னர், தொண்ணூறு நொடிக்கு ஒரு முன்னோட்டம் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்கென இரண்டு நாள் படக்கருவி தருவார்கள். அம்முன்னோட்டத்தைக் கண்டு ஆசிரியர்கள் இசைந்தால்தான் முழுப்படத்துக்கு வழி திறக்கும். எடுக்கப்படாத படத்துக்கு முன்னோட்டம் எங்ஙனம் என்று முதலில் வியந்தேன். நூலுக்கு முன் பாயிரம் வைப்பது நம் மரபுதானே என எண்ணிப் பின்னர் அமைதியுற்றேன்.

படத்தின் பேச்சு தமிழில் அமைந்தது. கட்கியில் மூன்று தலைமுறையாக வாழும் தொழிலாளர் வீட்டுப் பெண் ஒருத்தியும், கணினிப் பணிக்காகக் கோயமுத்தூரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியும் பன்னிரண்டாம் வகுப்பில், இவ்வூர் வழக்கில் இளநிலைக் கல்லூரியில், சந்திக்கிறார்கள். இவ்வளவே எனக்குத் தெரிந்திருந்தது. மேலும் தெரிந்திருக்கலாம், தெரியாமற்போனதற்குக் காரணம் நானே. என் மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஆகவே உரையாடல் முழுவதையும் உரோமன் எழுத்தில் எழுதியிருந்தாள். அத்தாள்களை அவள் என் மேசைமேல் வைத்தபோதெல்லாம் நான் அவற்றைத் தொடாமல் ஒதுக்கினேன். "இவ்வெழுத்தில் தமிழைப் படிப்பதினும் படியாதிருத்தல் நன்று. வாயால் சொல்" என்றேன். அவளும் இரண்டு வரியில் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டேன்.

கட்கிப் பெண்ணாக நடிக்க அவள் தேர்ந்தது எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாழ்ந்தவரின் மகளை. கல்லூரி முதலாண்டு படித்துவந்த, கணீரென்ற குரலுடைய பெண். அவளுடைய தந்தை அதே தொழிற்சாலையில் வெடிமருந்து நிரப்பும் பிரிவில் பணியாற்றினார். முன்னோர் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் அலுவலகத்தில் இருந்த நாள்முதல் என்னை 'ஐயா' என்றே அழைப்பவர். அவரிடம் இசைவு பெறும் பொறுப்பை மகள் என்னிடம் விட்டாள். ஒருநாள் மாலை, வேலை முடிந்ததை அறிவிக்கும் சங்கொலி அடங்கிச் சற்று நேரத்தில், படிக்கட்டின் அடியில் மிதிவண்டியைச் சாய்த்து நிறுத்திக்கொண்டிருந்தவரிடம் செய்தியைச் சொன்னேன்.

"படம் இன்னா மாதிரி ஐயா?"

"தோழமை பற்றியது, தம்பி."

"தோழமைன்னா... தோஸ்தி?"

"ஆம்."

"நீங்க சொன்னா அப்பீல் ஏது ஐயா. கூட்டிக்கினு போங்க. வூட்ல அவங்கம்மா கிட்ட நான் பேசிக்கறேன். ஐயா கேரண்டின்னு சொல்லிட்டாப் போதும்."

அவ்வாறு நான் படியாத தாளுக்குப் பிணை நின்றேன்.

எழுத்தைப் படிக்க மறுத்த நான் படங்களைப் படிப்பதைத் தவிர்க்க இயலவில்லை. அவை கண்ணுக்கு நேரே, நான் குனிந்து செல்லும் வழியில் தொங்கின. ஒரு முற்பகல், வீட்டில் ஒருவருமில்லாதபோது, முதல் தாளிலிருந்து தொடங்கி முறையாகப் பார்த்தேன். பேருந்துச் சன்னல் வழியே ஒரு கைக்குட்டை உள்ளே எறியப்படுகிறது. வெளியே நிற்பவள் தோழிக்கு இடம் பிடிக்கிறாள். அடுத்ததில் இருவரும் அந்த இருக்கையில். அடுத்ததில் ஒருத்தி வாராத நாளில் இருக்கை மேல் கைக்குட்டை மட்டும். பின்னர் தசராக் கடைத்தெரு. அன்று இவ்வூரில் ஆப்டா இலையைப் பொன்னென்று சொல்லி எல்லாரும் எல்லாருக்கும் கொடுப்பர். அது நம் ஆத்திதான். இரண்டு மடல் ஒன்றாய்ச் சேர்ந்த இலை. அப்படத்தில் கைநிறைய இலை வைத்திருந்தோர் பலரிடையே, முன்னர் இடம் பிடித்தவள் ஒற்றை இலை வைத்திருந்தாள். மற்றவள் அதை வாங்கிப் பிறர் தந்த இலைகளோடு சேர்க்காமல், தன் வடிவியல் பெட்டியைத் திறந்து அதனுள் வைத்து மூடினாள். அடுத்த தாளில் நெற்றியோடு நெற்றி. அடுத்ததில் மாடிப்படியில் நின்று வாயைப் பொத்திப் பேசும் அயற்பெண்டிர்.

காட்சி, காத்திருப்பு, கையுறையாகத் தரும் பரிசு, ஊரார் தூற்றும் அலர். அகப்பாட்டின் துறைகளை ஐம்பது ஆண்டு படித்தவனுக்கு அவ்வரிசையை அறிந்துகொள்ள உரை தேவைப்படவில்லை. தலைமக்களுக்குப் பெயரில்லை என்பதும் மரபுக்கு ஒத்தே இருந்தது. இரண்டு உருவங்களுக்கும் பின்னல் இருந்தது என்பது ஒன்றுதான் வேறுபாடு.

கடைசித் தாளில் நீர்ப்பரப்பு. கடக்வாஸ்லா அணையின் கரை. கரையில் ஓர் இணைச் செருப்பு.

மாலையில் மகள் வந்ததும் கேட்டேன்.

"இவ்விருவரும் தோழியர் மட்டும் அல்லர்."

"இல்லதான்."

"நீ என்னிடம் தோழமை என்றாய்."

"நான் எங்க சொன்னேன்? 'ரெண்டு பொண்ணுங்க, ரொம்ப க்ளோஸ்'ன்னேன். தோழமைன்னு நீங்க ட்ரான்ஸ்லேட் பண்ணிக்கிட்டீங்க. ஆறு தடவ ஸ்கிரிப்ட டேபிள்ல வச்சேன்ப்பா. ஏபிசிடில இருந்தா தொடமாட்டேன்னு யாரு சொன்னது?"

அடுக்களையிலிருந்து என் மனைவி, "எனக்கு அப்பவே படிச்சுக் காட்டிட்டா. அழுகை அழுகையா வந்துச்சு" என்றாள்.

வீட்டில் அறியாதவன் நான் ஒருவனே என்பது அப்போது தெளிவாயிற்று. நடிக்கவிருக்கும் பெண்ணும் அறிந்திருந்தாள். அறியாதவர்கள் அவளுடைய பெற்றோர். அவர்களிடம் பிணை நின்றவன் நான்.

"அவள் தந்தையிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும்."

"சொன்னா நிறுத்திடுவாரு. பன்னெண்டு நாள்ல ஷூட்டிங். தமிழ் பேசற, நடிக்கிற, எங்கூட சண்ட போடாத பொண்ணுக்கு நான் எங்க போறது? மத்லப்... அதாவது, படமே போச்சுப்பா."

"என் சொல்?"

"உங்க சொல்லா, என் படமா?"

கொடுத்த சொல்லைத் தவிர வேறொன்றும் என் மனத்தில் இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். அது முழு உண்மையன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய கதையுள்ள படமொன்றுக்காகத் திரையரங்குகளில் கண்ணாடிகள் உடைபட்ட செய்தி எனக்கு நினைவில் இருந்தது. அதற்கும் அப்பால், இன்னதென்று பெயரிட இயலாத ஒரு தயக்கமும் இருந்தது. ஆயினும் கொடுத்த சொல்லைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்தமையால் அதைப் பற்றியே பேசினேன்.

மறுநாள் மாலை கீழே செல்லப் புறப்பட்டேன். மகளும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நானே பேசறேன். நீங்க பேசினா மாமா எழுந்து நின்னு கேப்பாரு. ஒண்ணும் புரியாது. நியூஸ் முடிஞ்சிருச்சுன்னு உக்காந்துருவாரு."

கீழ்வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் நுழைந்ததும் அவர் அதன் ஒலியை அடக்கினார். அவருடைய மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வந்த செய்தி இன்னதென்று அறிந்தவளாய், அடுக்களை வாயிலில் நின்றாள். என் மகள் சுற்றி வளைக்கவில்லை.

"மாமா, படத்துல அந்த ரெண்டு பொண்ணும் வெறும் ஃப்ரெண்ட்ஸ் இல்ல. ஒருத்திக்கு ஒருத்தி மேல ஆச."

அவர் வாயருகே கொண்டுபோன குவளையைத் தாழ்த்தினார்.

"அதாவது... லவ்வு?"

"ஆமா மாமா."

"பொண்ணும் பொண்ணுமா?"

"ஆமா."

அவருடைய மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "அடிப் பாவி! கட்கில அவ்ளோ பொண்ணுங்க கீது, எம் பொண்ணுதான் ஆப்ட்டாளா ஒனக்கு? நாளைக்கி இவள எவன் கேட்டுக்கினு வருவான்?"

"சும்மா இரு. காலேஜ் படம், நாலு மாஸ்டர் பாப்பாங்க. வேற எவன் பாக்கப் போறான்?" என்ற கணவர் என்னை நோக்கினார். "ஐயா, நீங்க தோஸ்தின்னு சொன்னீங்களே."

"பிழை என்னுடையது, தம்பி. தாளைப் படிக்காமல் சொல் கொடுத்துவிட்டேன்."

"நீங்க படிக்காத தாளா!" என்று அவர் சிரித்தார். ஏளனம் ஏதுமில்லாத சிரிப்புதான். என்னைச் சுட்டது அதனால்தான் போலும். பின்னர் என் மகளிடம் திரும்பினார். "கட்டிப் புடிக்கிறது, முத்தம் கித்தம்?"

"இல்ல மாமா. தசராக்கு எல குடுப்பா. நெத்தி தொடும். அவ்ளோதான்."

"கடைசில இன்னா ஆவுது?"

இவ்வளவு நேரம் தடையின்றிப் பேசியவள் இங்கே தயங்கினாள். "ஒருத்தி... கடக்வாஸ்லா போயி..."

"எந்த ஒருத்தி?"

"நம்ம இவ நடிக்கிறவ. தண்ணிய காட்ட மாட்டோம் மாமா, செருப்பு மட்டும்தான்."

அவர் குவளையைத் தரையில் வைத்தார்.

"அது நடக்காது."

"மாமா, நடிப்புதானே—"

"பாப்பா, லவ்வுன்னு நடிக்கட்டும். பொய்தானே, போவட்டும். சாவறது பொய்க்கும் வேணாம். நான் பவுடர் ரொப்பற செக்‌ஷன். இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. காலைல கெளம்பசொல்லோ 'போறேன்'னு ஒரு நாள் சொன்னதில்ல. அந்த வார்த்தைய இந்த வூட்ல யாரும் வாயில எடுத்ததில்ல, அவ கொழந்தையா இருக்கசொல்லோகூட. இப்ப எம் பொண்ணு செருப்ப விட்டுட்டுத் தண்ணில எறங்கினான்னு நீ படம் புடிப்பியா?"

"அப்ப அந்த லவ் மேல உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"கோவம் கீது. அது வேற. அத அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அவ சாவக் கூடாது."

அவருடைய மனைவி தம் பங்குக்கு, நெற்றி தொடும் இடத்தில் மகளின் முகம் முழுதும் தெரியக் கூடாது என்று விதித்தார். அடுக்களை வாயிலில் நின்ற பெண், விதிகள் பேசப்படுகின்றன என்றால் இசைவு கிடைத்துவிட்டது என்பதை உணர்ந்து, முன்னரே காலியாகிவிட்ட குவளைகளை எடுத்துச் சென்றாள். நாங்கள் எழுந்தபோது அவர் கேட்டார்:

"இது யாரு கதை ஐயா?"

நான் என் மகளைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதைதான், தம்பி" என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாதென்பதைச் சொல்லியபின்னரே உணர்ந்தேன்.

படியேறும்போது அவள் என்மேல் சினம் கொள்ளவில்லை. அதனை மறுநாளுக்கு வைத்திருந்தாள். மறுநாள் ஞாயிறு. ஒளிப்பதிவு செய்யும் மராத்திய மாணவனும் கோயமுத்தூர்ப் பெண்ணாக நடிக்கவிருந்த, மெய்யாகவே அவ்வூர்க்காரியான பெண்ணும் கீழ்வீட்டுப் பெண்ணும் வந்து கொடியின் கீழ்த் தரையில் அமர்ந்தனர். என் மகள் கடைசித் தாளைக் கவ்வியிலிருந்து எடுத்து நடுவில் வைத்தாள்.

"இதுதான் போச்சு. எங்கப்பா வாக்கக் காப்பாத்திட்டாரு. படத்தோட உயிர எடுத்துட்டாரு."

நான் சாய்நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன்.

மராத்திய மாணவன் இந்தியில் பேசினான். முந்திய வாரம் அணைக்குச் சென்று அக்காட்சியைத் தன் புகைப்படக் கருவியால் சோதனையாகப் படம் பிடித்துப் பார்த்ததாகவும், மாலை வெளிச்சத்தில் அந்தச் செருப்புகளைப் போன்றதொரு காட்சி தன் வாழ்வில் இனி அமையாதென்றும் கூறினான். வரைவைக் கண்ட ஆசிரியர்களும் அக்காட்சியைத்தான் புகழ்ந்தார்களாம். "காகா, நீங்களாவது சொல்லுங்கள்" என்று, மராத்தி வழக்கில் என்னைச் சித்தப்பாவாக்கி, என் பக்கம் திரும்பினான். செய்தித்தாளைத் திருப்பினேன்.

"சாவு இல்லன்னா இதுல என்ன இருக்கு? யாரு அழுவாங்க?" என்றாள் மகள்.

கோயமுத்தூர்ப் பெண் அதுவரை அவல் உப்புமா தின்றுகொண்டிருந்தாள். "ஏனுங்க்கா, செத்தாத்தான் லவ்வுன்னு நம்புவாங்களா? பையனும் புள்ளையும் லவ் பண்ணுனா ஊட்டிக்குப் போயி பாட்டுப் பாடுறாங்க. நாங்க மட்டும் டேம்ல உளுகோணுமாக்கு?"

மராத்திய மாணவனுக்கு இது மொழிபெயர்க்கப்பட்டது. அவன் சிரித்தான். என் மகள் சிரிக்கவில்லை.

அடுத்த மூன்று நாள் கொடியின் கடைசிக் கவ்வியில் வெற்றுத் தாள் ஒன்று தொங்கியது. அவள் பல முடிவுகளை வரைந்து கிழித்தாள். தொடர்வண்டி புறப்படுதல், திருமண அழைப்பிதழ், பூட்டிய கதவு. அவற்றில் எவரும் சாகவில்லை. எனினும் ஒவ்வொன்றும் சாவின் உறவுமுறையாகவே இருந்தது. நான்காம் நாள் கீழ்வீட்டுப் பெண், ஒத்திகைக்கு வந்தவள், அந்த வெற்றுத் தாளைச் சுட்டிக் கேட்டாள்.

"அக்கா, நெசமா இன்னா ஆவும்? எல்லாரும் பேசுவாங்கோ. திட்டுவாங்கோ. மறுநாள் காலைல காலேஜ் உண்டுல்ல? நான் போயி சீட் புடிப்பேன்."

"அவ வரலைன்னா?"

"வருவா. வராம? அவளுக்கும் அட்டெண்டன்ஸ் வேணும்ல."

மகள் கரிக்கோலை எடுத்தாள். பேருந்து இருக்கை, அதன்மேல் கைக்குட்டை. ஒரு கை அதை எடுக்கிறது, ஒருத்தி அமர்கிறாள், பேருந்து நகர்கிறது. செருப்பைத் தொங்கவிட்ட அதே கவ்வியில் அதைத் தொங்கவிட்டுச் சற்றுத் தொலைவில் நின்று பார்த்தாள். பிறகு முகம் கழுவச் சென்றாள்.

தசரா அன்று, ஆப்டா இலை கட்டுக்கட்டாக விற்கும் கட்கிக் கடைத்தெருவில், உண்மையான கூட்டத்தினிடையே இலை கொடுக்கும் காட்சியைப் பிடித்தனர். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரே இலை கொடுத்துக்கொண்டிருந்த நாள் அது. நெற்றிக் காட்சியில் முகம் பாதி பின்னலால் மறைந்தது. பேருந்துக் காட்சிக்கு மறுநாள் விடியலில் நடத்துநரிடம் கெஞ்சி, இரண்டு நிறுத்தத் தொலைவுக்குப் படம்பிடிக்க இசைவு பெற்றனர்.

ஆசிரியர்கள் இசையவில்லை. வரைவில் இருந்த வலிமை படத்தில் இல்லை என்றனர். மோதலுக்கு விளைவு வேண்டும்; இருக்கையில் அமர்வது முடிவாகாது என்று ஒருவர் விளக்கினாராம். பழைய முடிவைத் திரும்ப வைத்துக் காட்டினால் மீண்டும் ஆய்வோம் என்றும் சொன்னார்களாம். என் மகள் ஒரு நாள் எண்ணிப் பார்த்தாள். வேறொரு பெண்ணைத் தேடலாம் என்றேன். என் சொல் அந்தப் பெண்ணளவில்தானே. "அந்தச் செருப்பு அவளோடதுப்பா. வேற யாரு காலுக்கும் சரியா வராது" என்றாள். வேறொரு மாணவனின் படத்தில் துணைப்பணி செய்து அவ்வாண்டை நிறைவு செய்தாள். கொடி அவிழ்ந்தது. கவ்விகள் பின்கட்டுக்குத் திரும்பின.

கொடி அவிழ்ந்த வாரத்தில் கீழ்வீட்டார் மூவரும் மேலே வந்தனர். கணினியில் முன்னோட்டத்தைக் காட்டுமாறு கேட்டார் தந்தை. எங்களிடம் இரண்டு நாற்காலிகளே இருந்தமையால் தாயும் மகளும் கட்டிலில் அமர்ந்தனர். தொண்ணூறு நொடி. நெற்றிக் காட்சியில் தாய் முன்னே சாய்ந்து அளந்து பார்த்து, "பாதி தெரியுது" என்றார், நிறுத்தச் சொல்லவில்லை. இருக்கையில் கை வந்து கைக்குட்டையை எடுத்தது. பேருந்து நகர்ந்தது. திரை இருண்டது.

"இன்னொரு வாட்டி போடு பாப்பா."

போட்டாள். இம்முறை அவர் திரையில் தம் மகளைப் பாராமல் மற்றவளையே பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது.

"புடிச்சு வச்சா. இவளும் வந்து குந்திட்டா. அப்புறம்?"

"அப்புறம் இல்ல மாமா. படம் கேன்சல்."

"எதுக்கு?"

"யாரும் சாவலைன்னு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் சுளித்தார். பின் திரையைச் சுட்டினார். "அதான் பஸ்ஸு கெளம்பிடுச்சே. கெளம்பின வண்டி எங்கியாவது போயிச் சேராமயா பூடும்?"

என் மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டில் அவ்வளவு நேரம் எவரையும் அவள் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. படியாத தாளுக்கு நான் கொடுத்த சொல்லைப் பற்றி அவளும் நானும் பின்னர் பேசவேயில்லை. அது யார் கதை என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கத் தகுதியுள்ளவன் அந்தத் தாளைப் படித்திருக்க வேண்டும்.

அவர்கள் எழுந்தனர். கீழ்த்தளத்துக்கு இருபது படிகள்கூட இரா. வாயிலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர், "போயிட்டு வரோம் ஐயா" என்றார்.

"வாருங்கள்" என்றேன்.

பின்னால் வந்த பெண்ணும் என் மகளிடம் அதையே சொல்லிவிட்டு இறங்கினாள்.